மாட்டுக்கு ஊசி போட்டாச்சு, அம்மாவுக்கு பி.பி. பார்த்தாச்சா?

திருவண்ணாமலை பக்கம் ஏதாவது ஒரு விவசாயக் குடும்பத்தை எடுத்துக்கோங்க. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கோமாரி தடுப்பூசி போட கால்நடைத் துறை ஆளுங்க ஊருக்கு வருவாங்க. அன்னைக்கு காலையிலேயே மாட்டை ஓட்டிக்கிட்டு வந்து வரிசையில நிப்பாங்க. மல்லாட்டை விதைக்கிறதுக்கு முன்னாடி (மத்த ஊர்க்காரங்களுக்கு: வேர்க்கடலை) கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்வாங்க. வேரழுகல் வந்த பிறகு மருந்து அடிச்சு பிரயோஜனம் இல்லைன்னு அவங்களுக்கு யாரும் வகுப்பு எடுக்க வேண்டியதில்லை.

இப்போ அதே வீட்டுல, அம்மாவுக்கு பி.பி. எவ்வளவு இருக்குன்னு கேளுங்க. பத்து வீட்டுல ஏழு வீட்டுல பதில் வராது. "நல்லாதான் இருக்கேன், எனக்கென்ன" அப்படின்னு ஒரு சிரிப்பு வரும்.

நம்ம சேனல் பர்சனல் ஃபைனான்ஸ் சேனல். டாக்டர் சேனல் இல்லை. அப்புறம் ஏன் இந்தப் பதிவு? நம்மளைப் பார்க்கிறவங்கள்ல நிறைய பேர் விவசாயக் குடும்பத்துல இருந்து முதல் தலைமுறையா மாசச் சம்பளத்துக்கு வந்தவங்க. சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை. வீட்டுல அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தாலோ அம்மாவுக்கு மார்புல கட்டின்னு தெரிஞ்சாலோ முதல் போன் யாருக்கு வரும்? ஊர்லயே மாசம் பிறந்தா பணம் வர்ற ஒரே ஆளுக்கு. அதாவது உங்களுக்கு. உங்க எஸ்.ஐ.பி., வீட்டுக் கடன் பிளான், கல்யாணச் சேமிப்பு எல்லாத்தையும் ஒரே வாரத்துல காலி பண்ணக்கூடிய ரிஸ்க் அங்கதான் உட்கார்ந்திருக்கு. அதைப் பத்தி நாம பேசுறதே இல்லை.

செங்கம் ரோட்டுல ஒரு பக்கம், கொல்லையில ஒரு பக்கம்

ரமணாசிரமம் பக்கம் வந்தவங்களுக்குத் தெரியும். செங்கம் ரோடு முழுக்க ஆரோக்கியம்தான் வியாபாரம். யோகா வகுப்பு, ஆர்கானிக் சாப்பாடு, மசாஜ், தியானம். கிரிவலப் பாதையில விடியற்காலையில அருகம்புல் சாறு, வாழைத்தண்டு சாறு. வெளியூர்ல இருந்தும் வெளிநாட்டுல இருந்தும் வர்றவங்க நோய் வராம இருக்க காசு செலவு பண்றாங்க.

அங்கிருந்து வண்டியில பத்து நிமிஷம் போனா நெல்லும் மல்லாட்டையும் கரும்பும் போட்ட கொல்லைங்க. அந்த ஆர்கானிக் கடைக்குப் போற பாலும் கீரையும் அங்கிருந்துதான் வருது. அதை அனுப்புற குடும்பத்துல "நோய் வராம பார்த்துக்கிறது" அப்படின்னு ஒரு செலவுத் தலைப்பே கிடையாது. இதை நான் குறையா சொல்லலை. அவங்க பேசுறதை உட்கார்ந்து கேட்டா அதுல ஒரு கணக்கு இருக்கு. அந்தக் கணக்கு புரியாம நாம வாட்ஸ்அப்ல ஹெல்த் வீடியோ அனுப்பிக்கிட்டே இருந்தா ஒண்ணும் நடக்காது.

முதல்ல அடிக்கடி கேக்குறது: "உழைக்கிற உடம்புடா, இதுக்கு ஒண்ணும் வராது." இது முழுப் பொய் இல்லை. அமெரிக்காவுல அயோவா, வட கரோலினா மாநிலங்கள்ல 1993-ல் இருந்து சுமார் 89,000 பேரைப் பின்தொடர்ற ஒரு பெரிய விவசாயிகள் ஆய்வு இருக்கு. அதுல விவசாயக் குடும்பங்களுக்கு மொத்தமா புற்றுநோய் மத்தவங்களை விடக் குறைவுதான். முக்கியக் காரணம், அங்க விவசாயிகள் சிகரெட் குறைவா பிடிக்கிறாங்க. ஆனா புராஸ்டேட் புற்றுநோய் மாதிரி சில வகைகள் அவங்களுக்கு அதிகம்.

நம்ம ஊர்ல சிகரெட் குறைவா இருந்தாலும் பீடி இருக்கு, மடியில சுருக்குப் பையில வெற்றிலை பாக்கு புகையிலை இருக்கு. களை எடுக்கிற பாட்டி, நாத்து நடுற அத்தை எல்லாருக்கும் அது பசி மறக்கிற சாதனம். புகையிலை இல்லாத வெறும் பாக்குகூட புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லயே வகைப்படுத்தியாச்சு. அதனால "நான் புகையிலை போடுறதில்லை, வெறும் வெற்றிலை பாக்குதான்" அப்படிங்கிற சமாதானமும் செல்லாது.

இதய நோய் விஷயத்துல கணக்கு இன்னும் கொடுமை. இந்தியா உட்பட 17 நாடுகள்ல ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவங்களைப் பின்தொடர்ந்த 'பியூர்' ஆய்வு 2014-ல் வெளிவந்துச்சு. கிராமத்துக்காரங்களுக்கு ரிஸ்க் காரணிகள் நகரத்துக்காரங்களை விடக் குறைவு. சரிதானே, உழைக்கிற உடம்பு. ஆனா மாரடைப்பு, பக்கவாதம் மாதிரி பெரிய பாதிப்பு வருஷத்துக்கு 1,000 பேர்ல நகரத்துல 4.83, கிராமத்துல 6.25. பாதிப்பு வந்தவங்கள்ல இறந்தவங்க நகரத்துல நூத்துக்கு 13.5, கிராமத்துல 17.25. குறைஞ்ச ரிஸ்க்கோட இருக்கிறவங்கதான் அதிகமா சாகிறாங்க. பி.பி. மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது, நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்றது, இந்த ரெண்டையும் உடம்பு வலிமை ஈடுகட்டாது.

ரெண்டாவது பேச்சு: "போனா ஏதாவது சொல்லுவாங்க." இதைக் கேட்டு நாம சிரிக்கிறோம். ஆனா யோசிச்சுப் பாருங்க, அவங்க பார்த்த கேஸ் எல்லாம் எப்படி? பக்கத்து வீட்டுக்காரர் வலி தாங்க முடியாம போனார், முத்திப்போச்சுன்னு சொன்னாங்க, மூணு மாசத்துல போயிட்டார். ஊர்ல எல்லாரும் கடைசிக் கட்டத்துல போனா, ஆஸ்பத்திரியும் சாவும் ஒண்ணுன்னு தானே மனசுல பதியும்? முன்னாடியே கண்டுபிடிச்சு சரியானவங்க இதைப் பத்தி வெளியில பேசுறதில்லை, பொண்ணுக்கு வரன் பார்க்கணுமேன்னு மறைச்சிடுவாங்க. அதனால நல்ல உதாரணம் ஊருக்குள்ள தெரியவே மாட்டேங்குது.

மூணாவது: "நாம யாருக்கு என்ன கெடுதல் பண்ணோம்?" நோய் ஒழுக்கத்துக்கான மார்க் ஷீட் மாதிரி. இதுக்கு இந்த ஊர்லயே பதில் இருக்கு. ரமண மகரிஷிக்கு இடது கையில முழங்கை பக்கம் சின்னதா ஒரு கட்டி வந்துச்சு. 1949-ல் நாலு தடவை அறுவை சிகிச்சை நடந்துச்சு. அது சார்கோமா அப்படிங்கிற ஒரு வகைப் புற்றுநோய். 1950 ஏப்ரல் 14-ல் மறைஞ்சார். புகையிலை, பாவம், கெட்ட பழக்கம் எதுவும் அங்க பேச முடியாது. அந்த ஆசிரம வாசல்ல இருந்து பார்க்கிற தூரத்துல வாழ்ற நமக்கு, "நல்லவங்களுக்கு வராது" அப்படிங்கிற நம்பிக்கை எப்படி இன்னும் ஓடுதுன்னு எனக்கு ஆச்சரியமாத்தான் இருக்கு.

நடுவுல இன்னொரு பேச்சும் உண்டு: "பயிருக்கு அடிக்கிற மருந்தாலதான் எல்லா கேன்சரும்." இதுலயும் கொஞ்சம் உண்மை உண்டு. மாலத்தியான், கிளைபோசேட் ரெண்டையும் 2015-ல் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை' பட்டியல்ல சேர்த்தாங்க. முகத்துல துணி கட்டாம, வெறும் கையால கலக்கி அடிக்கிறதை நிறுத்த வைக்கணும். ஆனா நடைமுறையில இந்தப் பேச்சு எங்க போய் முடியுதுன்னா, "எல்லாமே விஷம், நாம என்ன பண்ண முடியும்" அப்படின்னு சொல்லிட்டு அடுத்த வெற்றிலையை மடிக்கிறதுல.

"வந்தா ஒரு காணி வித்துப் பாத்துக்கலாம்"

நம்ம பதிவுக்கு முக்கியமான பேச்சு இதுதான். விவசாயக் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் இல்லைன்னு நாம நினைக்கிறோம். இருக்கு. அந்த நிலம்தான் பாலிசி. பிரீமியம் கிடையாது, ஏஜென்ட் கிடையாது, மதிப்பு வேற ஏறிக்கிட்டே போகுது. செங்கம் ரோடு பக்கமும் கிரிவலப் பாதை பக்கமும் கொல்லை எல்லாம் மனையாகி சென்ட் கணக்குல விக்கிறதைப் பார்த்த ஒரு அப்பாகிட்ட போய் ஹெல்த் இன்சூரன்ஸ் பத்திப் பேசினா, "என் கழனி இருக்கு" அப்படின்னுதான் சொல்வார். அவர் முட்டாள் இல்லை.

ஆனா அந்தப் பாலிசிக்கு கேஷ்லெஸ் வசதி கிடையாது. ஆஸ்பத்திரி அட்வான்ஸ் இன்னைக்கு சாயங்காலம் கேக்கும். நிலம் விக்க பட்டா யார் பேர்ல இருக்குன்னு பார்க்கணும், வில்லங்கம் எடுக்கணும், அத்தைங்க கையெழுத்து வேணும், வாங்குறவன் கிடைக்கணும். அவசரம்னு தெரிஞ்சா வாங்குறவன் விலையை அடிப்பான். அதுவரைக்கும் நடுவுல என்ன? முதல்ல நகை. அது பத்தலைன்னா ஊர்ல கைமாத்து, வட்டிக்கு.

சும்மா ஒரு கணக்கு போடுவோம். 3 லட்சம், மூணு வட்டி. மாசம் 9,000 ரூபாய். நிலம் வித்து பணம் கைக்கு வர எட்டு மாசம் ஆச்சுன்னா, வட்டி மட்டும் 72,000. இந்தியா முழுக்க எடுத்த 2017-18 தேசிய மாதிரிக் கணக்கெடுப்புல, புற்றுநோய்க்காக ஒரு தடவை ஆஸ்பத்திரியில சேர்ந்தா சராசரி மருத்துவச் செலவு சுமார் 61,000 ரூபாய். தனியார்ல அது 93,000-ஐத் தாண்டுது. இதெல்லாம் அந்தக் காலத்து விலை, ஒரே ஒரு அட்மிஷனுக்கு. புற்றுநோய் ஒரு அட்மிஷன்ல முடியாது. கீமோ, ரேடியேஷன், கூட இருக்கிற ஆளுக்கு சாப்பாடு, வேலூருக்கோ சென்னைக்கோ போய் வர்ற செலவு, அந்த சீசன்ல நடாம விட்ட பயிர்.

ஆக ஒரு சோதனைக்கு செலவு பண்ண யோசிக்கிற அதே குடும்பம், சிகிச்சைன்னு வந்தா தாலியைக் கழட்டி வைக்கத் தயங்காது. இது கஞ்சத்தனமும் இல்லை, அறியாமையும் இல்லை. பணம் வர்ற விதம் அப்படி. உங்களுக்கு 30-ம் தேதி சம்பளம். அவங்களுக்கு அறுப்பு முடிஞ்சா மொத்தமா வரும். அது வர்றதுக்கு முன்னாடியே உரக்கடை, சொசைட்டி, நகைக்கடன், சீட்டு, பள்ளிக்கூட ஃபீஸ் எல்லாம் வரிசையில நிக்கும். வலி இல்லாத உடம்பு மட்டும் கடன்காரன் மாதிரி வாசல்ல வந்து நிக்கிறதில்லை. அதனால அதுக்குப் பணம் ஒதுக்கப்படுறதே இல்லை.

பயிர்க் காப்பீட்டு அனுபவம் வேற. காரீஃப் பயிருக்கு 2 சதவீதம், ராபிக்கு 1.5 சதவீதம், பணப்பயிருக்கு 5 சதவீதம் விவசாயி பங்கு. கட்டி, நஷ்டம் வந்து, பணம் எப்ப வரும் எவ்வளவு வரும்னு தெரியாம காத்துக்கிடந்த ஆளுகிட்ட "இன்சூரன்ஸ்" அப்படிங்கிற வார்த்தையே எடுபடாது. நம்ம டேர்ம் இன்சூரன்ஸ் வீடியோவை அப்பாவுக்கு ஃபார்வர்டு பண்ணி பதில் வராதவங்க எத்தனை பேர்னு எனக்குத் தெரியும்.

அம்பிளிக்கையில நடந்தது

"கிராமத்துல கூப்பிட்டா வரமாட்டாங்க" அப்படின்னு சொல்றவங்களுக்காக ஒரு நிஜக் கதை. திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கையில இருக்கிற ஒரு சமூக சுகாதார மையத்தை அடிப்படையா வச்சு, 2000-ல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கினாங்க. சுத்துப்பட்டு கிராமங்கள்ல 30-ல் இருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பெண்கள். பெரிய மெஷின் எதுவும் இல்லை. பயிற்சி எடுத்த நர்ஸ், கருப்பை வாயில லேசான அசிட்டிக் அமிலம் தடவி (வினிகர்ல இருக்கிற அதே அமிலம்) ஒரு நிமிஷம் கழிச்சு நிறம் மாறுதான்னு பார்ப்பாங்க. வெள்ளையா மாறின இடம் சந்தேகம். தேவைப்பட்டவங்களுக்குக் குளிரூட்டி அழிக்கிற சிகிச்சையையும் இழுத்தடிக்காம அங்கேயே கொடுத்தாங்க.

அழைப்பு போனது 49,311 பேருக்கு. வந்தவங்க 31,343 பேர். அதாவது மூணுல ரெண்டு பேர் கிட்டத்தட்ட. அவங்கள்ல 3,088 பேருக்கு சோதனையில சந்தேகம் வந்துச்சு. முடிவு 2007-ல் லான்செட் இதழ்ல வந்தப்ப, சோதனைக்கு அழைக்கப்பட்ட கிராமங்கள்ல கருப்பைவாய் புற்றுநோய் சாவு, மத்த கிராமங்களை விட 35 சதவீதம் குறைஞ்சிருந்துச்சு. நோய் வர்றதே 25 சதவீதம் குறைவு. அழைப்பு போயும் வராதவங்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது.

இன்னொண்ணு பக்கத்து மாநிலம். திருவனந்தபுரம் பக்கத்து ஊராட்சிகள்ல பயிற்சி எடுத்த ஊழியர்கள் வீட்டுக்கே போய் வாயைத் திறந்து பார்த்தாங்க. அவ்வளவுதான் சோதனை. புகையிலை, மது பழக்கம் இருந்தவங்கள்ல வாய்ப் புற்றுநோய் சாவு 34 சதவீதம் குறைஞ்சுது.

இந்த ரெண்டு இடத்துலயும் கவனிங்க: மாட்டுக்கு ஊசி போடுற அதே முறை. ஊருக்குப் பக்கத்துலயே வந்தாங்க, நாள் சொன்னாங்க, காசு கேக்கலை, பார்த்த இடத்துலயே அடுத்த வேலையும் முடிஞ்சுது. விவசாயக் குடும்பம் தடுப்புக்கு எதிரி இல்லை. தேதி இல்லாத தடுப்பு, ஒரு நாள் கூலியைத் தின்கிற தடுப்பு, "போயிட்டு அடுத்த வாரம் ரிப்போர்ட் வாங்க வாங்க"ன்னு சொல்ற தடுப்பு, இதுக்குத்தான் அவங்க வரமாட்டாங்க. நாமளும் வரமாட்டோம், உண்மையைச் சொன்னா.

மாட்டுக்கும் அம்மாவுக்கும் இன்னொரு வித்தியாசம் இருக்கு. மாடு படுத்தா மறுநாளே பால் பணம் நின்னுடும், கண்ணுக்குத் தெரியும். அம்மா களை எடுக்கிறதும் சாணி அள்ளுறதும் சோறு ஆக்குறதும் எந்த நோட்டுலயும் வரவு எழுதப்படலை. அதனால அவங்க உடம்பு கெடுறதும் நஷ்டமா எழுதப்படலை. அம்மாவே அப்படித்தான் நினைக்கிறாங்க. வெள்ளைப்படுது, ரத்தம் படுதுன்னா பொண்ணுகிட்டகூட சொல்றதில்லை. மாதவிடாய் நின்ன பிறகு ரத்தம் பட்டா அது "சூடு" இல்லை, அந்த வாரமே டாக்டர்கிட்ட போக வேண்டிய விஷயம். மகனா இருந்து நீங்க கேக்க முடியலைன்னா அக்காவையோ மனைவியையோ கேக்கச் சொல்லுங்க.

இப்போ நீங்க என்ன பண்ணலாம்?

முதல் விஷயம், 4,999 ரூபாய் ஃபுல் பாடி செக்கப் பேக்கேஜ் ஆஃபர் பார்த்ததும் புக் பண்ணாதீங்க. எழுபது டெஸ்ட், எண்பது டெஸ்ட்னு போட்டு அதுல டியூமர் மார்க்கர் வேற சேர்த்திருப்பாங்க. எந்த அறிகுறியும் இல்லாதவங்களுக்கு அந்த மார்க்கர்கள் பல நேரம் பொய் அலாரம் அடிக்கும். அப்புறம் ஸ்கேன், அப்புறம் பயம், அப்புறம் "பாத்தியா, போனா ஏதாவது சொல்லுவாங்கன்னு அப்பவே சொன்னேன்ல" அப்படின்னு அப்பா ஜெயிச்சிடுவார். அடுத்த பத்து வருஷத்துக்கு நீங்க வாயே திறக்க முடியாது.

வேண்டியது கொஞ்சம்தான். 30 வயசு தாண்டின எல்லாருக்கும் பி.பி., சுகர், வாய்ப் பரிசோதனை. பெண்களுக்கு கூடவே மார்பகமும் கருப்பை வாயும். இது அத்தனையும் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசம். தாலுகாவுல இருக்கிறவங்களுக்கு பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம், மேல சிகிச்சை தேவைன்னா திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2025 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம் மாதிரி உங்க ஒன்றியத்துல எதுவும் நடந்தா, ஒரே இடத்துல பல பிரிவு டாக்டர்களையும் பார்த்துடலாம். உங்க ஊருக்கு எந்தத் தேதின்னு கண்டுபிடிச்சு சொல்றது உங்க வேலை. அப்பா அதைத் தேடமாட்டார்.

தேதி ரொம்ப முக்கியம். ஆடியில விதைப்பு, புரட்டாசி ஐப்பசியில மல்லாட்டை பிடுங்குறது, கார்த்திகையில தீபக் கூட்டம், தையில அறுப்பு. இந்த மாசங்கள்ல "செக்கப்புக்கு வாங்க"ன்னா வரவே மாட்டாங்க, வரவும் முடியாது. அறுப்பு முடிஞ்சு கையில காசும் நேரமும் இருக்கிற மாசி, பங்குனிதான் சரியான நேரம். உங்க ஆபீஸ் லீவு காலண்டரை அதுக்கு ஏத்த மாதிரி போட்டு ஒரு நாள் நேர்ல போங்க. பணம் அனுப்பிட்டு "போயிட்டு வந்துடுங்க"ன்னு சொன்னா அந்தப் பணம் உரக்கடைக்குப் போயிடும், அதுல தப்பும் இல்லை.

அம்மா கூலி வேலைக்கும் போறவங்கன்னா அன்னைய கூலியை நீங்க கொடுத்துடுங்க. 400 ரூபாயோ 500 ரூபாயோ. மியூச்சுவல் ஃபண்டுல மாசம் 5,000 போடுற ஆளுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை இது பெரிய விஷயமா? ஆனா அவங்களுக்கு, போகாம இருக்க இருக்கிற முக்கியமான காரணம் அதோட போயிடும். அப்பாவையும் அம்மாவையும் சேர்த்தே கூட்டிட்டுப் போங்க. "அப்பாவுக்காக வந்தேன், அப்படியே நானும் பாத்துக்கிட்டேன்" அப்படிங்கிறது அம்மாவுக்கு சுலபம்.

பி.பி. இருக்குன்னு தெரிஞ்ச பிறகுதான் நிஜ சண்டை ஆரம்பிக்கும். "மாத்திரை ஆரம்பிச்சா சாகிற வரைக்கும் விட முடியாதாம்." அப்புறம் ரெண்டு மாசம் போட்டுட்டு, "நார்மல் ஆயிடுச்சு, நிறுத்திட்டேன்." இதுக்கு டாக்டர் பாஷையில விளக்காதீங்க. மோட்டார் ஓடுறதாலதான் கழனியில தண்ணி நிக்குது, தண்ணி நிக்குதேன்னு மோட்டாரை நிறுத்தினா என்ன ஆகும்னு கேளுங்க. 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில தொடங்கின 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்துல பி.பி., சுகர் மாத்திரை வீட்டுக்கே வரும். ஒரே பிரச்சனை, அவங்க வர்ற நேரத்துல வீடு பூட்டியிருக்கும், எல்லாரும் கொல்லையில. வர்ற தன்னார்வலர் அதே ஊர்க்காரங்களாத்தான் இருப்பாங்க, நம்பர் வாங்கி வச்சுக்கிட்டு எந்த நேரத்துல வந்தா ஆள் இருக்கும்னு ஒரு தடவை பேசிடுங்க. வெளியில வாங்குறதா இருந்தாலும் முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ ஜெனரிக் மாத்திரை சல்லிசா கிடைக்கும்.

நெஞ்சுவலி பத்தி தனியா சொல்லணும். நம்ம பக்கம் நெஞ்சு வலிச்சா முதல் பேர் "வாயு". சோடா, இஞ்சி, பெருங்காயம், அப்புறம் கொஞ்ச நேரம் படுத்துப் பார்க்கிறது. போகிற உயிர்ல பாதி இந்தப் "படுத்துப் பார்க்கிற" நேரத்துல போகுதுன்னு நான் நினைக்கிறேன். 2023-ல் இருந்து 'இதயம் காப்போம்' திட்டத்துல ஆரம்ப சுகாதார நிலையத்துலயும் துணை சுகாதார நிலையத்துலயும் மாரடைப்புக்கான முதல் டோஸ் மாத்திரைகளை (ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின்) கொடுத்து அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புறாங்க. நீங்களா வாங்கி வீட்டுல வச்சுக் கொடுக்காதீங்க, யாருக்குக் கொடுக்கக்கூடாதுன்னு அவங்களுக்குத்தான் தெரியும். வேர்வையோட நெஞ்சு அழுத்தம், இடது கை, தாடை வலின்னா 108. பக்கத்து சுகாதார நிலையம் எதுன்னு அப்பா போன்ல இல்லை, பக்கத்து வீட்டுப் பையன் போன்ல இருக்கணும். ஏன்னா வலி வந்தா போன் பண்ணப் போறது அவன்தான்.

தங்கச்சியோ அக்கா பொண்ணோ 9-ல் இருந்து 14 வயசுக்குள்ள இருந்தா ஹெச்.பி.வி. தடுப்பூசி பத்தி விசாரிங்க. அம்பிளிக்கையில வினிகர் வச்சுத் தேடின அதே கருப்பைவாய் புற்றுநோய்க்கான தடுப்பு இது. 14 வயசுப் பெண் குழந்தைகளுக்கு இதைப் படிப்படியா இலவசமாப் போடுறதா தமிழ்நாடு அரசு 2025-26 பட்ஜெட்ல அறிவிச்சுது. மாட்டு ஊசி மாதிரியே, வயசு தாண்டிட்டா பலன் குறையும்.

பணப் பக்கம்

மேல சொன்ன எதுவும் இன்சூரன்ஸுக்கு பதில் இல்லை, இன்சூரன்ஸும் இதுக்கு பதில் இல்லை. நோய் வந்த பிறகு பில் கட்டத்தான் பாலிசி.

முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் சிகிச்சை. குடும்ப வருமானம் வருஷத்துக்கு 1,20,000-க்குள்ள இருக்கணும். இங்கதான் நம்ம ஆளுங்க மாட்டுறாங்க. கார்டு எடுத்தது நீங்க காலேஜ் படிக்கும்போது. இப்போ உங்க சம்பளம் மட்டுமே அந்த எல்லையைத் தாண்டியிருக்கும், நீங்களும் அதே ரேஷன் கார்டுல இருப்பீங்க. "கார்டு இருக்கே" அப்படிங்கிற நம்பிக்கையில இருக்காம, கார்டு இப்போ செல்லுமான்னு கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற காப்பீட்டு மையத்துல ஒரு தடவை கேட்டுத் தெளிவு பண்ணிக்கோங்க. இதுக்கு ஒரு திங்கட்கிழமை போதும்.

அந்தக் கார்டு கிடைக்காதுன்னா கம்பெனி குரூப் பாலிசியில பெற்றோரைச் சேர்க்க முடியுமான்னு ஹெச்.ஆர்.-கிட்ட கேளுங்க. பல கம்பெனி பாலிசிகள்ல ஏற்கெனவே இருக்கிற பி.பி., சுகருக்குக் காத்திருப்புக் காலம் இருக்காது. வேலையை விட்டா அதுவும் போயிடும், அது ஒண்ணுதான் குறை. தனியா எடுத்தா, 2024 ஏப்ரல்ல இருந்து ஐ.ஆர்.டி.ஏ.ஐ. விதிப்படி, ஏற்கெனவே இருக்கிற நோய்க்கு அதிகபட்சம் 3 வருஷம்தான் காத்திருக்க வைக்க முடியும். வயசு 65 தாண்டிடுச்சுன்னு ஒரேயடியா கதவைச் சாத்துற பழைய விதியும் போயாச்சு. 2025 செப்டம்பர் 22-ல் இருந்து தனிநபர் பாலிசிக்கு ஜி.எஸ்.டி.யும் இல்லை. ஆனா ஒண்ணு, செக்கப்புல பி.பி. தெரிஞ்சா அதை மறைச்சு பாலிசி எடுக்காதீங்க. "செக்கப் பண்ணா பிரீமியம் ஏறும், முதல்ல பாலிசி எடுத்துட்டு அப்புறம் செக்கப்" அப்படின்னு ஒரு ஐடியா ஆபீஸ்ல சுத்துது. பெற்றோருக்கு 55, 60 வயசுல பி.பி. எவ்வளவுன்னு தெரியாம ஒரு வருஷம் தள்ளிப்போடுறதுக்கு அந்த பிரீமிய வித்தியாசம் ஈடாகாது.

வரி விஷயம் சுருக்கமா: தடுப்புப் பரிசோதனைக்கு 5,000 வரைக்கும் கழிவு உண்டு, பணமாக் கட்டினாலும் செல்லும், ஆனா பழைய வரி முறையில மட்டும். நம்மள்ல நிறைய பேர் இப்போ புது முறையில இருக்கோம், அங்க அது கிடையாது. அதனால மார்ச் மாசம் வரி மிச்சம் பண்ண செக்கப் புக் பண்ற பழக்கத்தை விட்டுடலாம். மார்ச்ல போங்க, ஆனா அறுப்பு முடிஞ்சிருக்கும் அப்படிங்கிறதுக்காக.

கம்பெனி பாலிசியில பெற்றோரைச் சேர்க்கும்போது பார்க்க வேண்டிய வரிகள் பத்தி, ஒரு நிஜ பாலிசி பேப்பரை வச்சு அடுத்த வீடியோ வருது. உங்க பாலிசியில பெற்றோர் பத்தி புரியாத வரி ஏதாவது இருந்தா, பேர், நம்பர் எல்லாம் மறைச்சுட்டு அனுப்புங்க, அதையும் சேர்த்துப் பார்ப்போம்.